குண்டு பல்பை ஒழித்தது ஒபாமாவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் நம் ஆட்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “அமெரிக்காவில் குண்டு பல்புக்குத் தடை போட்டவர் ஒபாமா.” தவறு.

2007 டிசம்பரில் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜார்ஜ் புஷ், குடியரசுக் கட்சிக்காரர். பல்பு பற்றிய பிரிவை முன்வைத்த இருவரில் ஃபிரெட் அப்டனும் அதே கட்சிதான். ஜேன் ஹார்மன் மட்டும் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி. செனட்டில் எதிர்த்தவர்கள் வெறும் 8 பேர்.

‘தடை’ என்பதும் சரியில்லை. இவ்வளவு வெளிச்சத்துக்கு இத்தனை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றுதான் விதி. பழைய 60 வாட் பல்பின் இடத்துக்கு 43 வாட் ஹாலோஜன் வந்தது. பார்க்க அதே குண்டுக் கண்ணாடி, அதே மரை.

அப்புறம் ஒபாமா பெயர் எப்படி ஒட்டியது? விதி 2012-இல், அவர் ஆட்சியில் அமலுக்கு வந்தது. அதற்குள் குடியரசுக் கட்சியினர் பலர் அதை அரசின் அத்துமீறல் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள், அப்டனே பின்வாங்கினார். 2019-இல் டிரம்ப் அரசு தளர்த்தியது, 2022-இல் பைடன் அரசு இறுக்கியது.

இங்கே மின்சார நிறுவனம் எஸ்காம் பழைய பல்பை வாங்கிக்கொண்டு, மின்சாரம் மிச்சப்படுத்தும் சிஎஃப்எல் விளக்கை இலவசமாகத் தந்த காலத்தில் எங்கள் ஆயா கேட்டது ஒன்றுதான்: “இந்த வெளிச்சத்துல கறி கருகுறது தெரியுமா?”