கூடையைத் தூக்கும் முன் பணம்

தம்பி: அக்கா, நான்கு பேரும் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் ஒரு தொகையைச் சொன்னால் அடுத்தவர் அதற்கு மேல் சொல்வார். நடுவில் இருப்பவர் மணியடித்து முடித்து வைப்பார். அவர்களிடம் என்ன கேட்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

அக்கா: அதைத்தான் நானும் சொல்கிறேன், தம்பி. ஏலம் காலையிலேயே முடிந்துவிட்டது. இனி நாளைக்கு வாருங்கள்.

தம்பி: இது மீன் ஏலம் இல்லை, அக்கா. வேட்பாளர்களின் விவாதம். பாம்பனில் பந்தல் போட்டு எங்கள் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டப் போகிறோம்.

அக்கா: மாதம் ஆயிரம் தருகிறேன் என்று ஒருவரும், இரண்டாயிரம் தருகிறேன் என்று இன்னொருவரும் கத்துவது ஏலம் இல்லையென்றால் வேறு என்ன? எங்கள் ஏலத்தில் கடைசியாகக் கத்தியவர் கூடையைத் தூக்கும் முன் பணத்தைக் கட்டியாக வேண்டும். உங்கள் ஏலத்தில் அந்த வழக்கம் மட்டும் இல்லை.

தம்பி: கேள்விகளை ஆசிரியர் குழுவே எழுதிக் கொடுத்திருக்கிறது. முதல் கேள்வி, 1974இல் கச்சத்தீவைக் கொடுத்தது யார் என்பது.

அக்கா: விடை தெரியாமலா கேட்கிறீர்கள்?

தம்பி: விடைக்காக இல்லை, அக்கா. அதைக் கேட்டுவிட்டால் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் தாமாகவே ஓட்டிவிடுவார்கள்.

அக்கா: அதையே இப்படிக் கேளுங்கள்: இன்று இரவு என் அண்ணன் மகன் கடல் எல்லையில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், அவன் திரும்பி வரும் வரை வீட்டுச் செலவுக்கு நான் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், பணம் எத்தனை நாளில் கிடைக்கும், அங்கேயே மக்கிப் போகும் படகின் கடனை யார் அடைப்பார்? யார் யாரைக் கைகாட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.

(மீன் வாங்கப் போய், வாங்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் எழுதுகிறேன். சென்ற தேர்தலில் நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் ‘உங்கள் தொலைநோக்குப் பார்வை என்ன?’ என்று மூன்று முறை கேட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்ற சொல் ஒரு முறைகூடக் காதில் விழவில்லை.)

தம்பி: இரண்டாவது கேள்வி, மீனவர் நலனுக்காக என்ன செய்வீர்கள் என்பது.

அக்கா: ‘எல்லாம் செய்வோம்’ என்பார்கள். மேலே கேட்க உங்களுக்கும் எதுவும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். அதில் சமைக்கப் போகும் சாப்பாட்டை மேடையிலேயே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தம்பி: சங்கடமான கேள்வி. ஆனால், 1992இல் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து விவாதத்தில் பொதுமக்களே கேள்வி கேட்டார்கள். நாட்டின் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு பெண் கேட்டபோது, அதிபர் புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா: ஏலம் எப்போது முடியும் என்று பார்த்திருப்பார். ஜெயித்தாரா?

தம்பி: தோற்றுவிட்டார்.

அக்கா: கூடையும் போச்சு. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே பங்கு போட்டு வைத்திருக்கிறோம் அல்லவா? அந்த இரு தரப்பையும் ஒரே பந்தலில் அக்கம்பக்கமாக உட்கார வைத்துவிட்டு, கடலடியை வாரிவரும் விசைப்படகு வலையான இழுவைமடியை நிறுத்தச் சொல்வீர்களா, மாட்டீர்களா என்று கேளுங்கள். நாட்டுப்படகுக்காரரிடம் ஒன்றும் விசைப்படகுக்காரரிடம் வேறொன்றும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

தம்பி: விசைப்படகுக்காரர்களை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றுவோம் என்பார்கள்.

அக்கா: அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 2017இல் அந்தத் திட்டம் வந்தபோது படகின் விலை 80 லட்சம். அதில் மீனவரின் கைக்காசு 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். இரண்டாயிரம் படகு என்றார்கள். இன்று எத்தனை ஓடுகின்றன, எத்தனை கரையில் நிற்கின்றன, கடன் கட்ட முடியாதவர் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, அவர் எண்ணைச் சொல்லும் வரை ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள்.

தம்பி: கேள்விகளை முன்கூட்டியே வேட்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும், அக்கா.

அக்கா: அனுப்புங்கள், கணக்குப் பார்த்துக்கொண்டு வரட்டும். உங்கள் ஆசிரியர் குழு விடுமா?

தம்பி (சற்று நேரம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி): எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் சுருக்கிவிட்டேன். ‘பாரம்பரிய மீனவர் நலனில் தங்கள் தொலைநோக்குப் பார்வை என்ன?’

(அக்கா பதில் சொல்லாமல் பாறை மீன்களின் மேல் தண்ணீர் தெளித்தார். தம்பியும் பேச்சை மாற்ற விரும்பியவராய், வீட்டுக்கு வாங்கிப் போகலாமென்று ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.)

அக்கா: ஏன் தம்பி, அதனிடமும் தொலைநோக்குப் பார்வையைக் கேட்க வேண்டியதுதானே?