அந்த 14 நொடிக்கு முன்னால்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை என்று எந்த வாட்ஸ்அப் குழுவையும் விடாமல் சுற்றிவிட்டது. மொத்தம் 14 நொடி. அதில் நான் ‘ஸ்டாப்’ என்று கத்துகிறேன், ஓர் இளைஞரின் கையிலிருந்து ரைஃபிளை வாங்குகிறேன், ‘வெளிய போங்க’ என்கிறேன். அவ்வளவுதான். அதற்காக என்னைத் திட்டி வீடியோவுக்குக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நேற்று என் மகளிடம் பள்ளிக்கூடத்தில் ‘உங்க அம்மா ஏன் அப்படிக் கத்துனாங்க?’ என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரேஞ்சை, அதாவது துப்பாக்கி சுடப் பழகும் இடத்தை, பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள். உச்சிப்புளி பக்கம் பனைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை, சுடுபவர்கள் நிற்க எட்டு லேன், பத்து மீட்டரில் இலக்கு, இலக்குக்குப் பின்னால் மணல்மூட்டையும் சுவரும். வந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று காற்றழுத்தத்தில் சுடும் சாதாரண மடக்கு ஏர் ரைஃபிள்தான் கொடுப்போம். அன்றைக்குச் சுடுபவர்களைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் வேலை என்னுடையது. அந்தத் தம்பி ஐந்தாவது லேனில் நின்றார். நான்கு பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, நன்றாகவே சுட்டார். ஐந்தாவதை வைத்து மூடிய நேரத்தில் பின்னாலிருந்து நண்பர், ‘மாப்ள, இங்க பாரு’ என்று போனைத் தூக்கினார். இவர் திரும்பினார். கழுத்தை மட்டும் திருப்பியிருந்தால் பரவாயில்லை. உடம்போடு திரும்பினார், இடுப்பு உயரத்தில் பிடித்திருந்த ரைஃபிளும் கூடவே திரும்பியது. பின்னால் பெஞ்சில் முறைக்காக ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நிற்பவரின் இடுப்பு உயரம் என்பது உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்து உயரம். துப்பாக்கிக் குழலான பேரல் அந்த ஏழு முகங்களையும் வரிசையாகத் தாண்டிப் போனது. அவருடைய விரல் டிரிக்கர் மேல் இருந்தது.

அங்கேதான் உங்கள் வீடியோ ஆரம்பிக்கிறது.

‘ஏங்க்கா கத்துறீங்க, வெறும் துப்பாக்கிதான, லோடு பண்ணல’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. போட்டோ ஞாபகத்தில் பெல்லட் வைத்ததை உண்மையாகவே மறந்துவிட்டார். ரைஃபிளை வாங்கி, பேரலை இலக்குப் பக்கம் திருப்பி, மடக்கித் திறந்து காட்டினேன். உள்ளே இருந்தது. மிளகு அளவு, மங்கின சாம்பல் நிறம், நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி. வீடியோவில் இது இல்லை. எடுத்தவர் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார், இல்லையென்றால் வெட்டிவிட்டார்.

ரேஞ்சில் ஆயிரம் விதி இருக்கலாம், தலையாய விதி ஒன்றுதான். பேரல் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும். லோடு ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், சேஃப்டி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், உங்களுக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்திருந்தாலும். ‘லோடு இல்லை’ என்று நம்பியவர் கையிலிருந்துதான் விபத்து நடக்கிறது. லோடு ஆகியிருக்கிறது என்று தெரிந்தவர் யாரும் அதைப் பிள்ளை பக்கம் திருப்புவதில்லையே.

‘அது வெறும் ஏர்கன்தானே’ என்று எழுதியவர்கள்தான் அதிகம். 20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருப்பதுதான். ஒருவர் அதையும் எடுத்துப் போட்டு என்னை மடக்கிவிட்டதாக நினைக்கிறார். லைசென்ஸ் வேண்டாம் என்றால் விளையாட்டுச் சாமான் என்று யார் சொன்னது? அந்தச் சின்ன ஈயம் நொடிக்கு 150 மீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அந்தப் பெஞ்ச் இருந்தது பத்து மீட்டரில் இல்லை, மூன்று மீட்டரில். கண் சிமிட்டக்கூட நேரம் கிடைக்காது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். வீட்டு விஷயம், இதுவரை பொதுவில் சொன்னதில்லை. 1990. எனக்கு ஒன்பது வயது, பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பன்னிரண்டு. கொக்கு சுடலாம் என்று சித்தப்பா யாரிடமோ ஏர்கன் இரவல் வாங்கி வந்திருந்தார். கண்மாய்க் கரையில் சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார். ‘உள்ள ஒண்ணும் இல்லடா, வெறும் துப்பாக்கி’ என்று அண்ணனிடம் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி சொன்ன அதே இரண்டு வார்த்தை. அண்ணனுக்கு இடது கண் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டுபோயும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்ணனுக்கு இப்போது 48 வயது. டீ கிளாஸை இடது பக்கம் வைத்தால் முகத்தை முழுக்கத் திருப்பித்தான் எடுப்பார். புதிதாக வந்தவர் யாராவது இடது பக்கம் வைத்துவிட்டால் அண்ணியின் கை சத்தமில்லாமல் அதை வலது பக்கம் நகர்த்திவிடும். சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் அவர் அண்ணனின் இடது பக்கமாகப் பார்த்துதான் உட்காருவார். அண்ணனுக்குத் தெரியாத பக்கம் அது. சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சித்தப்பா கெட்டவர் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஈரமான மனசு அவருக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தம்பியும் கெட்டவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இதில் நல்லவர் கெட்டவர் என்ற பேச்சே இல்லை. பேரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும்தான் பேச்சு.

‘மெதுவா சொல்லியிருக்கலாமே, விருந்தாளிய அவமானப்படுத்தலாமா’ என்று கேட்கிறீர்கள். கிணற்று விளிம்பில் பிள்ளை எட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் போய் ‘கண்ணு, கொஞ்சம் பின்னாடி வர்றியா’ என்றா சொல்வீர்கள்? ரேஞ்சில் ‘ஸ்டாப்’ என்பது திட்டு இல்லை, அது கட்டளை. லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்று நான்கே வார்த்தைகளில் எங்கள் காரியம் நடக்கிறது. அதில் ‘ஸ்டாப்’ மட்டும் ரேஞ்ச் ஆபீசருக்குச் சொந்தமில்லை. எங்கள் ரேஞ்சில் ஆபத்தைப் பார்க்கிற யாரும் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளை சொன்னாலும் எட்டு லேனும் அந்த நொடியே நிற்க வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் அப்புறம். கத்தாமல் அதைச் சொல்ல முடியாது, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு சுடுகிறவர்களும் இருப்பார்கள்.

நான் பாம்பன்காரி. என் அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கரையில்தான். வெயில் பளீரென்று அடிக்கும், கடல் தட்டுப்போலக் கிடக்கும், வீட்டில் அரிசி இருக்காது. ஆனாலும் போகமாட்டார். கூண்டு ஏற்றியவர் தன்னை அவமானப்படுத்திவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நம் கரையில் பிறந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

‘திருவிழாவுல பலூன் சுடுறோமே, அங்க யாரு விதி சொல்றா’ என்று ஒருவர். அடுத்த திருவிழாவில் அந்தக் கடைக்காரரின் கையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குண்டு போடுவது அவர். துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, பேரல் பலகையைப் பார்க்கிற வரை அதன் மேல் ஒரு கை வைத்திருப்பார். நீங்கள் திரும்பினால் கை தடுக்கும். படித்த நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது.

‘காசு கொடுத்துத்தான வந்தோம்.’ காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் சொன்னீர்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். வாசலில் இருந்த விதிப்பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தப்புதான். திங்கட்கிழமையே தமிழில் எழுதி மாட்டியாயிற்று. ஆனால் அன்றைக்குச் சுடுவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து இருபது நிமிடம் தமிழில்தான் பேசினேன், அந்தத் தம்பியும் அந்த வரிசையில்தான் நின்றார், அவருடைய நண்பர் அப்போதும் போனில்தான் இருந்தார்.

அந்த இருபது நிமிடத்தில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், வராதவர்களுக்காக. சுடாத நேரத்தில் ரைஃபிளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளக் கயிறு போட்டிருப்போம். சேஃப்டி ஃபிளாக். பேரலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வந்து வெளியே எட்டிப் பார்க்கும். கயிறு தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். உலகப் போட்டியிலும் இதே முறைதான். இலக்கு மாற்ற ஆள் முன்னால் போயிருந்தால் இங்கே இருப்பவர் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது, கயிறு போட்டிருந்தாலும் தொடக்கூடாது. சுடத் தயாராகும் வரை விரல் டிரிக்கருக்கு வெளியே. பக்கத்து லேன்காரரிடம் பேசக்கூடாது, கேட்காமல் அவருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடாது, அவருடைய ரைஃபிளைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது. பெல்லட் ஈயம், விரலில் ஒட்டும், வாய்க்குப் போனால் பிள்ளைகளுக்குத்தான் அதிகக் கெடுதல். அன்றைக்கு ஒரு குடும்பம் லேனிலேயே பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தது. அதையும் வாங்கி வெளியே வைத்தேன். அதற்கும் ஒரு கருத்து வந்திருக்கிறது, ‘சாப்பாட்டைப் பிடுங்கியவள்’ என்று.

‘இவங்க பெரிய ஒலிம்பிக்கா நடத்துறாங்க?’ ஒலிம்பிக்கிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். 2021இல் டோக்கியோவில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் போட்டிக்கு நடுவில் பழுதானது. அந்தப் பதற்றத்திலும் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யவில்லை. முறைப்படி சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சரிசெய்து திரும்பி வருவதற்குள் விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போய்விட்டன. இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. 2024 பாரிஸில் அதே பெண் இரண்டு வெண்கலம் வாங்கினார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியவர். எங்கள் லேனில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் சாமி பெயர் மாதிரி. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான், பென்சில் முனை வைத்த புள்ளி. அதற்காக மூச்சை அடக்கி நிற்கிற பிள்ளைக்குப் பின்னால் நின்று ‘மாப்ள’ என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று உங்களுக்குத் தெரியவில்லையா?

எனக்கு வலித்தது வேறு. அன்று அந்த இடத்தில் ஓர் ஆண் நின்று இதே ‘ஸ்டாப்’பைச் சொல்லியிருந்தால் ‘ஸ்ட்ரிக்ட்டான ஆபீசர்’ என்று எழுதியிருப்பீர்கள். என்னை ‘ஆம்பளையக் கைநீட்டித் தள்ளுறா’ என்றீர்கள். நான் தள்ளவில்லை, வீடியோவையே மறுபடி பாருங்கள், என் இடது கை பேரலின் மேல் இருக்கிறது, அவர் மேல் இல்லை. ‘புருஷன் எப்படி விட்டான்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் கணவர் வெளியில் இலக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறோம். சம்பளம் கிடையாது. உப்புக்காற்றில் ரைஃபிள் இரண்டே நாளில் துரு ஏறிவிடும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டு வீடு போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி ஆகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேராவது இதில் மேலே வரட்டும் என்றுதான்.

என்னைத் திட்டியவர்களில் இரண்டு பேரின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதில் ஒருவரின் படத்தில் ஒரு கையில் ஏர்கன், மறுகையில் செத்த கொக்குகள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கிற மாவட்டம் இது. 2022இல் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தபோது நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். எங்கிருந்தெல்லாமோ பறந்து வரும் பறவையைச் சுட்டுவிட்டு, அதைப் படமும் எடுத்துப் போட்டுவிட்டு, துப்பாக்கியைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? எங்கிருந்தோ எங்கோ போய்விட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று என் மனசு சொல்கிறது. கையில் இருப்பது என்ன என்ற நினைப்பே இல்லாமல் தூக்குவது.

வீடியோ அண்ணனுக்கும் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ‘பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலயேம்மா?’ என்று மட்டும் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை அண்ணே என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே நானூறுக்கு மேல் கருத்து இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பெஞ்சில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறும் காலை எட்டு மணிக்கு ரேஞ்ச் திறக்கும். அந்தத் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வரட்டும், ஐந்தாவது லேனையே தருகிறேன், ஆரம்பத்திலிருந்து சொல்லித்தருகிறேன். வீடியோ எடுத்தவரும் வரலாம். போனை மட்டும் வாசலில் இருக்கிற டப்பாவில் போட்டுவிட்டு வரவேண்டும்.