க்ளாய்ஸ் பாக்ஸின் 302 யார்டுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்
அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக கால்வின் ஜான்சன் 2013 அக்டோபரில் டல்லாஸ் கௌபாய்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 பந்துகளைப் பிடித்து 329 யார்டுகள் (பந்தைப் பிடித்து முன்னேறிய தொலைவு) சேர்த்ததைப் பாராட்டும் கட்டுரையாளர், இத்தகைய எண்ணிக்கை பந்தெறிதலுக்குச் சாதகமான இன்றைய விதிகளால்தான் சாத்தியமானது என்று எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. பந்து பிடிக்கும் வீரரைத் தற்காப்பாளர் 5 யார்டுக்கு அப்பால் இடித்துத் தடுக்கக் கூடாது என்ற விதி 1978இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1950 டிசம்பரில், இதே அணியின் க்ளாய்ஸ் பாக்ஸ் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு எதிராக 12 பந்துகளில் 302 யார்டுகளும் 4 டச்டவுன்களும் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) எடுத்திருக்கிறார். அந்த கோல்ட்ஸ் அப்பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் வென்று, பிறகு கலைக்கப்பட்ட நலிந்த அணி என்பது உண்மையே. ஆயினும் 1945இல் ராம்ஸ் அணியின் ஜிம் பென்டன் 303 யார்டுகள் எடுத்தது லயன்ஸுக்கு எதிராகத்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விதிகளை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தவில்லை. ஃப்ளிப்பர் ஆண்டர்சன் என்ற வீரர் ஒரே ஆட்டத்தில் எடுத்த 336 யார்டுகளே பெரிது என்று அக்கட்டுரையைப் படித்த மற்றொரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார். 1989இல் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான அந்த ஆட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டது, ஜான்சனோ வழக்கமான 60 நிமிடங்களுக்குள் 329ஐ எட்டினார். அந்த ஆட்டத்தில் ஜான்சனின் ஒரு பிடிப்பு 87 யார்டுகள் போயும் டச்டவுன் ஆகவில்லை. லயன்ஸுக்கு 31-30 என்ற வெற்றியைத் தந்தது, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப்போவதாகப் போக்குக் காட்டிவிட்டு அணியின் பந்தெறியும் வீரர் மேத்யூ ஸ்டாஃபோர்டு தாமே எல்லைக்கோட்டைத் தாண்டிப் பாய்ந்த பாய்ச்சல்தான்.