மரியாளைப் பற்றிப் பேச நமக்கு ஏன் இவ்வளவு பயம்?

அத்தை இறந்து மூன்று வருடம் ஆகிறது. மாமியாரைத்தான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். போன வாரம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு, இயேசுவின் தாய் மரியாளின் கோவிலுக்கு, நடந்து போகிற பெண்களைக் காட்டி, "இவர்களும் கிறிஸ்தவர்களாம்" என்று ஒருவர் பேசுகிறார். கீழே எங்கள் ஆட்களே வரிசையாக "ஆமென்" போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்கிற அக்காவும் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அத்தையின் கைதான் ஞாபகம் வந்தது.

அத்தைக்குச் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். லூர்து மாதா திருவிழாவும் தேரும் பார்த்து வளர்ந்தவர். மாமாவைக் கட்டிக்கொண்டு வேலூருக்கு வந்தபோது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) ஆனார். "இனிமே நம்ம சபை" என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு ஞாயிறு ஆராதனை தவறவிட்டதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தார், அறுப்பின் பண்டிகைக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தார், பாடல்களை மனப்பாடமாகப் பாடினார்.

ஆனால் ஆராதனை தொடங்குவதற்கு முன்னால், எல்லோரும் வந்து உட்காருகிற அந்தக் கால் மணி நேரம், முந்தானைக்குள் அவர் வலது கை அசைந்துகொண்டே இருக்கும். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும். பத்து எண்ணி முடித்ததும் சின்னதாக ஒரு நிறுத்தம், மறுபடி முதலிலிருந்து. என் கணவர் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா பால் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தாராம். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், மணிகளை எண்ணி மரியாளிடம் வேண்டுகிற ஆர்.சி. ஜெபம். மணிமாலையை வெளியே எடுக்க முடியாது, அதனால் விரலிலேயே சொன்னார். மணிமாலை வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய பவுடர் டப்பாவில் இருந்தது. அவர் படுத்த படுக்கையான பிறகு நான் அலமாரியைத் துடைக்கும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் அவர் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

அவர் இறந்த அன்றைக்குச் சேத்துப்பட்டிலிருந்து அவருடைய தங்கை, எங்கள் சின்னத்தை, ஆரணி வந்து பஸ் மாறி வந்து சேர்ந்தார். வந்தவுடன் அந்த மணிமாலையைக் கேட்டு வாங்கி அக்காவின் கைவிரல்களில் சுற்றி வைத்தார். அரை மணி நேரம்கூட இருக்காது. துக்கத்துக்கு வந்திருந்த ஒரு ஜெபக்குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம், இரட்சிக்கப்பட்ட சரீரம்" என்று சொல்லி, தானே குனிந்து, விறைத்துப் போயிருந்த விரல்களிலிருந்து அதைப் பிரித்து எடுத்தார். ஒரு மணி அறுந்து தரையில் உருண்டது. சின்னத்தை ஒன்றும் பேசாமல் அதைத் தேடி எடுத்து, மாலையோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். சபையார் முப்பது நாற்பது பேர் இருந்தோம். நானும் இருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் மரியாளிடம் ஜெபிப்பதில்லை. இனியும் ஜெபிக்கப் போவதில்லை. "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை அப்படியே நம்புகிறேன். இறந்துபோன பரிசுத்தவானிடம் யாராவது வேண்டியதாகவோ, வேண்டச் சொன்னதாகவோ நான் படிக்கிற வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மரியாளின் விண்ணேற்பை, அதாவது அவள் உடலோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்பதை, விசுவாசக் கோட்பாடு என்று அறிவித்தாரே, அதற்கும் வேதத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. வேலூர் பேராலயமே விண்ணேற்பு அன்னையின் பெயரில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று ஊரெல்லாம் கொடியேற்றும்போது அவர்களுக்கு அது இரட்டைத் திருநாள். எனக்கு அதில் பங்கு இல்லை. இந்தக் கருத்து வேறுபாடு நிஜமானது, அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை.

ஆனால் அந்த வேறுபாடு எந்த இடத்தில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "ஆர்.சி.காரங்க மாதாவைக் கும்பிடறாங்க" என்கிறோம். கும்பிடுதல் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். தமிழில் தாத்தாவையும் கும்பிடுவோம், தலைவரையும் கும்பிடுவோம், கடவுளையும் கும்பிடுவோம். நம் சபைக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் காலில் விழுகிறார்களே, அது விக்கிரக ஆராதனையா? 787இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் இதைத்தான் பிரித்துச் சொன்னது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், படங்களுக்கும் பரிசுத்தவான்களுக்கும் மரியாதை. நடைமுறையில் அந்தக் கோடு தாண்டப்படுவதில்லையா என்று கேட்டால், தாண்டப்படுகிறது, நானே பார்த்திருக்கிறேன். புடவை சாத்துவதும் மொட்டை போடுவதும் பேரம் பேசுவது மாதிரி நேர்ந்துகொள்வதும் எனக்கு நெருடத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் திருச்சபை போதிப்பது ஒன்று, நாம் அவர்கள்மேல் சுமத்துவது இன்னொன்று.

அவர்களுக்குள்ளேயே இது முடிந்துபோன விஷயமும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாளுக்குத் தனி ஏடு வேண்டுமா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே ஒரு அதிகாரமாகச் சேர்த்தால் போதுமா என்று 1963 அக்டோபரில் ஆயர்கள் வாக்களித்தார்கள். சேர்த்தால் போதும் என்றவர்கள் 1114 பேர், தனியாக வேண்டும் என்றவர்கள் 1074 பேர். நாற்பது ஓட்டு வித்தியாசம்! 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்றே சொல்லிவிட்டது. கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பது மறைந்துவிடக் கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். நாம் கேட்டதும் அதைத்தானே. வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். கத்தோலிக்கச் சபையோடு சண்டையை ஆரம்பித்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1521இல் மரியாளின் பாட்டுக்கு ஒரு விளக்கவுரையே எழுதினார், அவ்வளவு அன்போடு. 1530இல் லூத்தரன்கள் கொடுத்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 21ஆம் பிரிவு, பரிசுத்தவான்களை நினைவுகூருங்கள், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள் என்கிறது. அவர்களிடம் வேண்டுவதைத்தான் மறுக்கிறது. ஆம்பூர் பக்கம் இருக்கிற லூத்தரன் சபைக்காரர்களுக்கு இது அவர்கள் சொந்த அறிக்கை. ஆக, பிரச்சினை வேண்டுவதில்தான், மரியாதையில் இல்லை.

பிறகு நாம் எங்கே போய்ச் சேர்ந்தோம்? வட ஆர்க்காட்டில் நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த ஆர்க்காட்டு மிஷன், ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கியது. அவர்கள் அமெரிக்கச் சீர்திருத்த சபைக்காரர்கள், லூத்தருக்குப் பின் வந்த சீர்திருத்தவாதி கால்வினின் வழி வந்தவர்கள். சுவரில் படம் இருக்காது, பீடத்தில் சிலை இருக்காது. அந்த எளிமை எனக்குப் பிடிக்கும். 1947இல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன் வழக்கங்களும் வந்து சேர்ந்தன. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற 1846ஆம் வருடத்துச் சர்ச்சுக்குப் பெயர் பரிசுத்த யோவான். சென்னைக் கோட்டைக்குள் 1680இல் பிரதிஷ்டை செய்த சர்ச்சுக்குப் பெயர் பரிசுத்த மரியாள். சர்ச்சுக்குப் பெயராக வைக்கலாம், பிரசங்கத்தில் பெயர் சொன்னால் மட்டும் ஆர்.சி. ஆகிவிடுவோம் போலிருக்கிறது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீலத் துணி போர்த்தி ஒரு பெண் பிள்ளையை உட்கார வைப்போம். ஜனவரி வந்தால் மரியாள் அடுத்த டிசம்பர் வரைக்கும் காணாமல் போய்விடுவாள்.

இதற்கு நடுவில் நாம் பரிசுத்தவான்களைக் கொண்டாடாமலா இருக்கிறோம்? சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவின் கதையைக் கேட்காமல் வளர்ந்த சபைப் பிள்ளை வேலூரில் உண்டா? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, மூன்று வீட்டிலும் பிரசவ வேதனையில் பெண்கள், ஆண் டாக்டர் வேண்டாம் என்றது, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனது. ஞாயிறு பள்ளியில் எனக்கு அந்தக் கதை சொன்ன டீச்சர் கதவு தட்டும் சத்தத்தை மேசையில் தட்டிக் காட்டுவார். இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1870 டிசம்பர் 9 அவர் ராணிப்பேட்டையில் பிறந்த நாள். படத்துக்கு மாலை போடுகிறோம், அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை ஊழியத்துக்கு அழைக்கிறோம். நம் முன்னோரின் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பத்தோடு நின்று ஜெபிக்கிறோம். இதெல்லாம் சரிதான், நன்றியுள்ள ஜனங்கள் செய்கிற காரியம். அப்படியானால் ஆண்டவரைப் பெற்று, பாலூட்டி, சிலுவையடியில் நின்ற பெண்ணுக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "கன்னிமரியாள்" என்கிறோம். அதே மூச்சில் "பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்" என்கிறோம். எபிரெயர் நிருபத்தில் "மேகம்போன்ற இத்தனை திரளான சாட்சிகள் நம்மைச் சூழ்ந்துகொண்டிருக்க" என்று வாசிக்கிறோம். சூழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றால் யார்? எங்கே? இதை ஒரு நாள் அத்தை என்னிடம் நேராகவே கேட்டார். மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த சமயம். சபையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"கண்ணு, உன் மாமாவுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி சபையில கேட்டியா?"

"கேட்டேன் அத்தை."

"ஏன், நீயே நேரா ஆண்டவர்கிட்ட கேக்கக் கூடாதா?"

"நானும் கேக்கறேன். எல்லாருமா சேந்து கேக்கறதுதானே அத்தை ஐக்கியம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். செத்தவங்க எங்க போயிட்டாங்க? அவர்கிட்டதான இருக்காங்க. அவங்க கேக்க மாட்டாங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள் என்று வேதம் எங்கும் உறுதி சொல்லவில்லை, கிருபாசனத்தண்டை தைரியமாய்ச் சேரலாம் என்று நம்மைத்தான் அழைத்திருக்கிறது. இன்றைக்கும் அதுதான் என் பதில். ஆனால் அவர் கேட்டது விக்கிரகக்காரி கேட்கிற கேள்வி இல்லை. ஆண்டவரிடம் போனவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்று என்னைவிட உறுதியாக நம்பின ஒருத்தி கேட்ட கேள்வி.

அவர் விரலில் எண்ணின ஜெபத்தை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். முதல் பாதி முழுக்க லூக்கா முதல் அதிகாரம்: காபிரியேல் சொன்ன வாழ்த்து, எலிசபெத்து சொன்ன ஆசீர்வாதம். நடுவில் வருகிற "இறைவனின் தாயே" என்ற பட்டம்தான் நம் ஆட்களுக்குத் தூக்கிவாரிப் போடும். 431இல் எபேசு சங்கம் அதை ஏற்றுக்கொண்டது மரியாளை உயர்த்துவதற்காக இல்லை. அவள் வயிற்றில் இருந்தவர் தேவன்தான், வெறும் மனிதர் இல்லை என்று இயேசுவைப் பற்றிச் சொல்வதற்காக. அதை நாமும் விசுவாசிக்கிறோம்தானே? கடைசியில் வருகிற "எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்ற வரிதான் எனக்கும் அத்தைக்கும் நடுவில் இருந்த வேறுபாடு. அந்த ஒரு வரி. அதற்காக, அந்த இறப்பின் வேளை வந்து போன பிறகு ஒரு மனுஷியின் விரல்களைப் பிரித்தோம்.

எசேக்கியா ராஜா மோசேயின் வெண்கலச் சர்ப்பத்தை உடைத்தாரே, அதுபோலத்தான் இதுவும் என்று அன்றைக்கு ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். சரி. அந்தச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னதும் தேவன்தான், ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டின பிறகு உடைத்தது சரி என்றும் வேதம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதோடு, எசேக்கியா தேவாலயத்தைச் சுத்திகரித்தார். துக்க வீட்டுக்குள் புகுந்து யாருடைய கையையும் பிரிக்கவில்லை.

என் சபையின் மூப்பர்களுக்கும் ஆயருக்கும் இதைக் கடிதமாகவும் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி. குடும்பத்திலிருந்து வந்து நம்மோடு ஆராதித்த பெண்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் அடக்கத்துக்குப் பிறந்த வீட்டார் வந்து ஒரு மணிமாலையைக் கையில் வைத்தால், அது அப்படியே இருக்கட்டும். நம் முறைமைப்படியே அடக்க ஆராதனை நடக்கட்டும், ஓரமாக உட்கார்ந்து அவர்கள் தங்கள் ஜெபத்தைச் சொல்லிக்கொள்ளட்டும். அடுத்தவர் விசுவாசத்தைக் கேலி செய்கிற வீடியோக்களைச் சபைக் குழுவில் போடக் கூடாது என்றும் கேட்டிருக்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அடுத்த மாதக் கூட்டத்துக்குச் செய்தி கொடுக்க என்னைக் கேட்டார்கள். என்ன பகுதி என்று செயலாளர் அக்கா கேட்டதற்கு, லூக்கா முதல் அதிகாரம், 46 முதல் 55 வரை என்று சொன்னேன். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று ஒரு கிராமத்துப் பெண் பாடின பாட்டு. "கிறிஸ்துமஸ் இன்னும் வரலையே" என்றார் அக்கா. தெரியும், அதனால்தான் இப்போதே எடுத்தேன் என்று சொன்னேன். சின்னத்தையையும் வரச் சொல்லியிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.