தூங்காமலே ஆபத்து உண்டுங்க

விமானிகளோட சோர்வைப் பத்தின ஒரு கட்டுரை, 'விமானி கண்ணசந்தால்தான் ஆபத்து'ன்னு சொல்லுதுங்க. விழிச்சிருக்கும்போதே கவனம் தப்புறதுதான் பெரிய ஆபத்து. 1972 டிசம்பர்ல மியாமி பக்கம் ஈஸ்டர்ன் 401 விமானத்துல முன்சக்கரம் சரியா இறங்கிடுச்சுன்னு காட்டுற விளக்கு எரியலை. எல்லாரும் அந்த ஒரு பல்பையே பார்த்துட்டிருக்க, விமானத்தை 2,000 அடியில பிடிச்சிருந்த ஆட்டோபைலட், அதாவது தானா ஓட்டுற கருவி, விலகிடுச்சு. விமானம் மெல்ல இறங்குனதை ஒருத்தரும் கவனிக்கலை, விழுந்து நொறுங்கிடுச்சு.

சோர்வும் இப்படித்தான், சத்தமில்லாம வரும். ராத்திரி 2 மணியிலிருந்து 6 மணிக்குள்ள உடம்பே மந்தமாயிடும். உயரமானி காற்றழுத்தத்தை வெச்சுத்தான் உயரத்தைக் காட்டும். வெடியால கோவை பீளமேட்டுல இறங்குற விமானத்துக்கு, கட்டுப்பாட்டு அறையிலிருந்து காற்றழுத்தம் 1012னு சொல்றாங்கன்னு வெச்சுக்குங்க. அசதியில விமானி உயரமானியில 1021னு திருகி வெச்சுட்டா, அது சுமார் 250 அடி கூடுதலாக் காட்டும். விமானம் அத்தனை அடி தாழ்வா இருக்கும். பக்கத்து விமானி அந்த அழுத்த நம்பரைத் தன் காதால கேட்டுச் சரிபார்க்கணும், சும்மா தலையாட்டக் கூடாது. 10,000 அடிக்குக் கீழே வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே வேண்டாமுங்க.