வட்டத்துக்குள் நின்ற கட்டைப்பைகள்

கொரோனா பற்றிப் பேச்செடுத்தாலே இன்னும் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். "அவர் இருந்திருந்தா இவ்வளவு சாவு இல்ல", "இவர் இருந்ததாலதான் தப்பிச்சோம்". பொதுக்கொள்கை ஆய்வு செய்கிறவர்கள் வேறொன்றைக் கேட்கிறார்கள்: நோய் வந்த அன்று அரசாங்கத்தின் கையில் ஏற்கெனவே என்ன இருந்தது? எனக்கு இந்தக் கேள்விதான் உருப்படியாகப் படுகிறது.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் ஊரடங்கு. எந்தச் சட்டத்தில்? சுனாமிக்கு அடுத்த வருடம், 2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில். கூடவே 1897-ல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தையும் மாநிலங்கள் தூசி தட்டின. பீரோவில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். புயலுக்கு ஒரே உத்தரவில் ஊரைக் காலி செய்யலாம், ரெண்டு நாளில் திரும்பிவிடலாம். மாதக்கணக்கில் இழுக்கும் நோய்க்கு அந்தச் சட்டை எங்கே பொருந்தும்?

அப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒவ்வொரு நாட்டின் கெடுபிடிக்கும் 100-க்கு மார்க் போட்டது. இந்தியா 100-க்கு 100. பள்ளிக்கூடத்தில் வாங்கியிருந்தால் பெருமைப்பட்டிருக்கலாம்.

இன்னொரு பக்கம் நம் ரேஷன் கடை. 1997-ல் மத்திய அரசு ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு கிழித்தபோது தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை, எல்லோருக்குமான ரேஷனை விடாமல் வைத்துக்கொண்டது. அதன் பலன் 2020 ஏப்ரலில் தெரிந்தது. யார் ஏழை என்று தேடி அலையாமல் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுக்க முடிந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு அட்டை இருக்கிறவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவார். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக்காரர்களிடம் அட்டை ஏது?

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். வீடு வீடாக டோக்கன் வந்தது, தேதியும் நேரமும் போட்டு. கடை வாசலில் பிளீச்சிங் பவுடரால் வட்டங்கள். காலை ஏழு மணிக்கே மொத்தத் தெருவும் ஆஜர். வட்டத்துக்கு ஒன்றாகக் கட்டைப்பைகள் ஒழுங்காக இடைவெளி விட்டு நின்றன. பைக்குச் சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசிக் கதை பேசிக்கொண்டிருந்தோம். ஆமாம், நானும்தான்.

கடைநிலை ஊழியர் தெருவில் எடுக்கும் முடிவுகள்தான் மக்கள் கைக்கு வந்து சேரும் கொள்கை என்று மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர் 1980-லேயே எழுதினார். எதிரே நிற்கும் ஜனமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது என்பேன் நான். சென்னை உள்ளிட்ட நகரங்களில் 26-ம் தேதி முதல் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள். 25-ம் தேதி கடைத்தெருவெங்கும் கூட்டம் முண்டியடித்தது, கோயம்பேட்டிலும்தான். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவு கூட்டத்தைக் கூட்டியது. மே 5 அன்று அந்தச் சந்தையையே மூட வேண்டியதாயிற்று. அதற்குள் தொற்று கடலூர், அரியலூர் வரை போய்விட்டது. காய்கறி வாங்கப் போனவர்களைத் திட்டி என்ன பயன்? நாலு நாளைக்கு வீட்டில் உலை வைக்க வேண்டாமா?

2021 மே மாதம் 2000 ரூபாய் கொடுத்தபோது எங்கள் கடைக்கார அம்மா வட்டமே போடவில்லை. பத்து பத்து வீடாகப் பையனை அனுப்பிக் கூப்பிட்டார். "போன வருஷம் பைக்கு மட்டும்தான் கொரோனா வரலய்யா" என்றார்.