மூன்றே மூன்று ஆண் வண்டுகள்

இத்தாலியில், ரோமுக்குத் தென்கிழக்கே லெப்பினி மலை. 1973இல் அங்கே ஒரு முதிய செஸ்நட் மரத்தின் வேரடி மண்ணில் மூன்று வண்டுகள் கிடைத்தன. எதுவும் இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. மூன்றும் ஆண். பெண் வண்டை யாரும் பார்த்ததில்லை, முட்டையிலிருந்து வரும் புழுவையும் பார்த்ததில்லை. ராபர்ட்டோ பாச்சே 1975இல் அதற்குக் குரோசோனியெல்லா ரெலிக்டா என்று பெயரிட்டார். வண்டு வகைப்பாட்டில் பேர்பெற்ற ராய் குரோசனின் பெயர் அதில் இருக்கிறது. ரெலிக்டா என்றால் விட்டுச்செல்லப்பட்டது. எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைக்கிறது.

உலகில் பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ நான்கு லட்சம். அவற்றை நான்கு துணைவரிசைகளாகப் பிரிக்கிறார்கள். இந்த வண்டைச் சேர்த்திருக்கும் ஆர்க்கோஸ்டெமாட்டா என்ற துணைவரிசையில் இன்று உயிரோடு இருப்பவை சில பத்து இனங்கள்தான். டைனோசர்களுக்கு முந்தைய பாறைகளிலேயே அந்தக் கிளையின் சாயல் கொண்ட வண்டுகள் பதிந்திருக்கின்றன. குரோசோனியெல்லாவுக்கோ தன் குடும்பத்தில் துணையே கிடையாது. ஒரு குடும்பம், ஒரு பேரினம், ஓர் இனம்.

அழிவைக் கணக்கிடும்போது நாம் தலைகளை மட்டும் எண்ணுகிறோம். நூறு உடன்பிறப்புகள் உள்ள இனமும் ஒன்று, இதுவும் ஒன்று. இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே உதிர்வது ஓர் இலை, இங்கே கிளையே முறிகிறது.

இதை 'வாழும் தொல்லெச்சம்' என்று அழைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் காலம் இதைத் தொடாமலே போய்விட்டது போல ஒலிக்கிறது. உண்மையில் மண்ணுக்குள் வாழ்வதற்காக இதன் கண்கள் சுருங்கிவிட்டன, பறக்கும் இறக்கைகள் மறைந்துவிட்டன. இது தன் வழியில் மாறிக்கொண்டே வந்த உயிர்.

இது ஆர்க்கோஸ்டெமாட்டாவைச் சேர்ந்ததுதானா என்று சில ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். நியாயமான ஐயம். ஆனால் அதைத் தீர்க்க மூன்று ஆண் உடல்கள் போதுமா? வண்டுகளின் உறவுமுறையைப் பல நேரம் புழுதான் காட்டிக்கொடுக்கும். அந்தப் புழு எங்கேயோ ஒரு வேரடியில் இருக்கலாம்.

அரிய விலங்கென்றால் காட்டையே வேலியிட்டுக் காக்கிறோம். இதற்கு அவ்வளவு தேவையில்லை. அந்த மலைச்சரிவில் முதிய செஸ்நட் மரங்களை வெட்டாமல், அடிமண்ணைக் கிளறாமல் விட்டுவைக்கட்டும். சல்லடையோடும் நுண்ணோக்கியோடும் யாராவது மீண்டும் அங்கே உட்காரட்டும், நான்காவது வண்டு கிடைக்கும்வரை.